அயர்லாந்தில் பார்த்த 'வீசல்': கீரியா, மரநாயா, வேறு ஏதுமா?

தெப்பக்குளத்தான்
புதன், இரவு 9:12

வணக்கம். மகளின் பிரசவத்துக்காக மூன்று மாதம் அயர்லாந்தில் இருந்துவிட்டுப் போன வாரம்தான் ஊர் திரும்பினேன். கால்வே பக்கம் ஒரு கிராமம். எங்கே பார்த்தாலும் பச்சை, ஆனால் வெயில் என்று ஒன்று கிடையாது, எனக்கு எலும்புக்குள் ஈரம் இறங்கிவிட்டது. அது கிடக்கட்டும். அங்கே பார்த்த ஒரு பிராணியைப் பற்றிக் கேட்கத்தான் இந்த இழை.

அந்த ஊரில் வயலுக்கு வயல் கல்லை அடுக்கி வேலி போட்டிருக்கிறார்கள். சாந்து, சிமென்ட் எதுவும் இல்லை, வெறும் அடுக்குதான். நம் சிறுமலை அடிவாரத் தோட்டங்களில் போடுவோமே, அதே மாதிரி. ஒரு நாள் காலையில் காபி டம்ளரோடு பின்பக்கம் நிற்கிறேன், கல் இடுக்கிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்க்கிறது. ஓர் அணிலைப் பிடித்து இரண்டு பக்கமும் இழுத்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி ஓர் உடம்பு. முதுகு செங்கல் பழுப்பு, வயிறு பாலாடை நிறம், வால் நுனி மட்டும் மைக்கூட்டில் தொட்டு எடுத்தது போலக் கறுப்பு.

எதிரே வயலில் நாலைந்து முயல்கள் மேய்ந்துகொண்டிருந்தன. இது போய் அவற்றுக்குக் கொஞ்சம் தள்ளி நின்று ஆட ஆரம்பித்தது. நிஜமாகவே ஆட்டம்தான்! குட்டிக்கரணம் போடுகிறது, அந்தரத்தில் முறுக்கிக்கொண்டு விழுகிறது, தன் வாலையே துரத்துகிறது. முயல்கள் ஓடாமல் தெருக்கூத்து பார்க்கிற கூட்டம் மாதிரி நின்று வேடிக்கை பார்க்கின்றன. ஒவ்வொரு கரணத்துக்கும் ஒரு முழம் கிட்டே வருவதை நான் கவனித்தேன், முயல் கவனிக்கவில்லை. அடுத்த நொடி பிடரியில் பல். முயல் கத்தும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும், கைக்குழந்தை அலறுவது போல இருந்தது. தன்னைப்போல் மூன்று மடங்கு இருந்த முயலை அது பின்னோக்கி நடந்தபடியே கல்வேலிக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

பக்கத்து வீட்டுப் பெரியவர், எண்பது வயது இருக்கும், அதை 'வீசல்' என்றார். கல்லெறியக் கூடாதாம், அதன் எச்சில் விஷமாம், ஒன்று செத்தால் மற்றவை வரிசையாக வந்து தூக்கிக்கொண்டு போய் இழவு நடத்துமாம், அதன் தோலில் பை தைத்தால் பணம் தீரவே தீராதாம். எங்கள் அப்பத்தாவும் கீரி முகத்தில் முழித்தால் நல்லது என்பார். கீரியின் தம்பியோ இது?

உசிலம்பட்டி கோழிக்காரன்
புதன், இரவு 9:40

அண்ணே அது கீரியேதான், குளிருக்குக் கொஞ்சம் இளைச்சிருக்கும். இங்கே நான் அதனால்தான் நொந்து கிடக்கிறேன். போன மாதம் ஒரே ராத்திரியில் பஞ்சாரத்துக்கு அடியில் இருந்த பதினொரு குஞ்சும் காலி. தின்றது ரெண்டுதான், மீதி ஒன்பதையும் சும்மா கழுத்தைக் கடிச்சுப் போட்டுட்டுப் போயிருக்கு. பசிக்குத் தின்னா பொறுத்துக்கலாம், இது கொழுப்பெடுத்துச் செய்யற வேலை.

விலங்கியல் டீச்சர்
புதன், இரவு 10:25

தெப்பக்குளத்தான் சார், கீரியும் இல்லை, கீரிக்குத் தம்பியும் இல்லை. ஊனுண்ணிகளில் இரண்டு பெரிய கிளை உண்டு, ஒன்று பூனைப் பக்கம், இன்னொன்று நாய்ப் பக்கம். கீரி பூனைப் பக்கம், புனுகுப்பூனைக்குச் சொந்தம். வீசல் குடும்பம் நாய், கரடி இருக்கிற பக்கம். இரண்டும் வளைக்குள் புகுந்து வேட்டையாடுகிற பிழைப்பு என்பதால் நீள உடம்பு, குட்டைக்கால் என்று ஒரே அச்சில் வந்துவிட்டன.

பத்திரிகைகளில் வீசலுக்கு 'மரநாய்' என்று மொழிபெயர்க்கிறார்கள், அதுவும் பொருந்தாது. நம் பக்கம் மரநாய் என்றால் பனையேறிக் கள்ளுக் கலயத்தில் வாய் வைக்குமே, அதுதான். அதுவும் பூனைப் பக்கம். வீசலின் உண்மையான சொந்தக்காரர்கள் தமிழ்நாட்டில் யார் என்றால் காவிரியில் இருக்கிற நீர்நாய், அப்புறம் மேற்குத் தொடர்ச்சி மலைச் சோலைக்காடுகளில் தொண்டை மஞ்சளாக ஒன்று திரியும், நீலகிரி மார்ட்டென் என்பார்கள். அசல் வீசல் பார்க்க வேண்டுமானால் இந்தியாவில் இமயமலைக்குத்தான் போக வேண்டும்.

இன்னொரு வேடிக்கை, நீங்கள் பார்த்தது வீசலே இல்லை. அயர்லாந்தில் வீசல் கிடையாது. அங்கே இருப்பது அதன் அண்ணன், ஸ்டோட். வால் நுனிக் கறுப்புதான் அடையாளம், வீசலுக்கு அது இருக்காது. ஊரில் ஒன்றுதான் இருக்கிறது என்பதால் கிராமத்து ஆட்கள் அதையே வீசல் என்று கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். ஆயிரக்கணக்கான வருடமாக அந்தத் தீவிலேயே இருந்து தனிக் கிளையினமாகிவிட்டது. வடக்கே குளிர் நாடுகளில் ஸ்டோட் பனிக்காலத்தில் வெள்ளை வெளேர் என்று மாறிவிடும், அந்த ரோமத்தில்தான் ராஜாக்களுக்கு அங்கி தைத்தார்கள், அங்கிகளில் தெரியும் கறுப்புப் புள்ளிகள் எல்லாம் வால் நுனிகள். அயர்லாந்துக்காரர் நிறம் மாற்றுவதில்லை, அங்கே பனி தங்குவதே அபூர்வம்.

கோழிக்காரரே, குஞ்சு செத்தது ராத்திரி என்கிறீர்களே, நிச்சயமாகத் தெரியுமா? கீரி பகலில் திரிகிற பிராணி.

தெப்பக்குளத்தான்
புதன், இரவு 10:51

டீச்சர், அந்த ஆட்டம்? அது வேட்டைத் தந்திரமா, இல்லை அதற்கே பைத்தியமா? பெரியவர் 'முயலை வசியம் பண்ணுது' என்றார்.

விலங்கியல் டீச்சர்
வியாழன், காலை 6:15

இரண்டு கட்சி இருக்கிறது சார். ஒரு கட்சி தந்திரம் என்கிறது. இன்னொரு கட்சி நோய் என்கிறது. ஸ்டோட்டின் மூக்கெலும்புக் குழிகளில் ஒரு சிவப்புப் புழு குடியேறும், சுருண்டு சுருண்டு வளர்ந்து மண்டையோட்டையே உள்ளிருந்து அரித்து வீங்க வைத்துவிடும், சில மண்டையோடுகளில் ஓட்டையே விழுந்திருக்கும். அந்த வேதனையில் துள்ளுகிறது, முயல் புரியாமல் நிற்கிறது, கிடைத்ததை இது பிடித்துக்கொள்கிறது என்கிறார்கள். எனக்குக் கேட்டால், ஒவ்வொரு கரணத்துக்கும் ஒரு முழம் கிட்டே வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், தலைவலிக்காரன் அவ்வளவு கணக்காக நகர மாட்டான். ஆனால் முயலே இல்லாத இடத்திலும் அது தனியாக ஆடுவதைப் பார்த்தவர்கள் உண்டு, அதனால் முழுத் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

முயலைப் பற்றியும் ஒன்று. நீங்கள் வயலில் பார்த்த முயல் ரகம் 12-ஆம் நூற்றாண்டில் நார்மன்காரர்கள் இறைச்சிக்காகக் கொண்டுவந்து விட்டது. அதாவது அந்த வயலில் வேட்டைக்காரன்தான் பூர்வகுடி, முயல் வந்தேறி.

வெலிங்டன் பாண்டி
வியாழன், காலை 7:02

மேலூர்க்காரன், எட்டு வருடமாக நியூசிலாந்தில் இருக்கிறேன். எல்லாரும் ஸ்டோட்டை இவ்வளவு ஆசையாகப் பேசுவதைப் பார்த்தால் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. போன சனிக்கிழமை நான் ரெண்டைப் பெட்டியிலிருந்து எடுத்துப் புதைத்தேன். இங்கே எங்கள் ஏரியாவில் மலைப்பாதை நெடுக மரப்பெட்டிப் பொறி வைத்திருக்கிறோம், வாரம் மாறி வாரம் ஒரு கோஷ்டி நடந்துபோய்ப் பார்க்கும். பெட்டிக்குள் ஒரு கோழிமுட்டை, முன்னால் ஒரு தகடு, அதில் கால் வைத்தால் ஸ்பிரிங் கம்பி மண்டையில் இறங்கும். பொந்தைக் கண்டால் நுழைந்து பார்க்காமல் அதனால் இருக்க முடியாது, அதுதான் அதற்கு எமன்.

சமணமலை
வியாழன், காலை 8:30

ஒரே பிராணி. அங்கே அதன்மேல் கல் எறிவதே பாவம், இங்கே அதன் மண்டையில் கம்பி. அது என்ன தப்பு செய்தது தம்பி? அயர்லாந்தில் முயல் தின்றால் ஆஹா என்ன ஆட்டம், நியூசிலாந்தில் குருவி தின்றால் கொலைக் குற்றமா?

வெலிங்டன் பாண்டி
வியாழன், மதியம் 1:20

சமணமலை ஐயா, நியாயமான கேள்வி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், இன்றைக்கு மழை, வேலை இல்லை.

இந்த நாட்டில் மனிதன் வருவதற்கு முன்னால் கடலில் இல்லாமல் நிலத்தில் வாழும் பாலூட்டி என்று பார்த்தால் வவ்வால் மட்டும்தான். எலி இல்லை, பூனை இல்லை, கீரி இல்லை. பறவைக்கு எதிரி வானத்திலிருந்து வருகிற கழுகுதான், அது கண்ணால் பார்த்துப் பிடிக்கும். அதனால் இங்கத்திய பறவைக்குத் தெரிந்த ஒரே தற்காப்பு, அசையாமல் உறைந்து நிற்பது. கழுகை ஏமாற்ற அது போதும். ஸ்டோட் மூக்கால் தேடி வருகிறது, அதன் முன்னால் உறைந்து நின்றால் சாப்பாட்டுத் தட்டில் போய் உட்கார்ந்த கணக்கு. காகபோ என்ற பறக்காத கிளி தரையில் கூடு கட்டும், உடம்பிலிருந்து தேன் மாதிரி ஒரு வாசனை வரும், அந்த வாசனையே அதைக் காட்டிக் கொடுக்கும். கிவி என்று இன்னொரு பறக்காத பறவை, அதன் குஞ்சு ஒரு கிலோ எடை வருகிற வரைக்கும் ஸ்டோட்டிடமிருந்து தப்பாது. காவல் இல்லாத காட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து குஞ்சு வளர்வதே இல்லை. இத்தனைக்கும் கொல்கிற ஆண் ஸ்டோட்டின் எடை 325 கிராம்தான், பெண் இன்னும் சின்னது, 200 கிராம்.

அது எப்படி வந்தது? முயலை வெள்ளைக்காரன் கொண்டுவந்தான். அது பெருகி ஆட்டுக்குப் புல் இல்லாமல் செய்தது. ஆட்டுப்பண்ணைக்காரர்கள் கூப்பாடு போட, 1884-லிருந்து ஸ்டோட், வீசல் எல்லாம் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. பறவை ஆராய்ச்சிக்காரர்கள் அப்போதே வேண்டாம் என்று கத்தினார்கள், யார் கேட்டது? முயலும் ஒழியவில்லை.

இதில் என் மனதை விட்டுப் போகாத ஒரு ஆள், ரிச்சர்ட் ஹென்றி. 1894-ல் ரெசல்யூஷன் என்ற தீவுக்குக் காவலராகப் போனவர். கரையில் ஸ்டோட் வருகிறது, அதற்குள் பறவைகளைத் தீவுக்கு மாற்றிவிட்டால் பிழைக்கும் என்று, நாய்க்கு வாய்ப்பூட்டு போட்டு, மணி கட்டி, தனி ஆளாகப் படகில் நூற்றுக்கணக்கான காகபோவையும் கிவியையும் பிடித்துப் பிடித்துக் கொண்டுபோய் விட்டார். அந்தப் பக்கம் மழை நிற்கவே நிற்காது. 1900-ல் அந்த வழியாக வந்த சுற்றுலாக்காரர்கள், வீசல் ஒன்று பறவையைத் துரத்துவதைத் தீவுக் கரையில் பார்த்தோம் என்றார்கள். அவர் நம்பவில்லை. சில மாதம் கழித்து அவரே கண்ணால் பார்த்தார். ஸ்டோட் நீந்தி வந்துவிட்டது. ஆறு வருடப் பாடு அதோடு போச்சு.

தெப்பக்குளத்தான்
வியாழன், மதியம் 2:05

தம்பி, அது நீந்துமா? அவ்வளவு குட்டியாக இருந்துகொண்டு கடலிலா?

வெலிங்டன் பாண்டி
வியாழன், மதியம் 2:18

அண்ணே, நீங்கள் தெப்பக்குளத்துக்காரர், உங்களுக்கு அந்தக் கணக்கிலேயே சொல்கிறேன். குளத்தில் ஒரு கரைக்கும் எதிர்க்கரைக்கும் சுமார் 300 மீட்டர். கடலில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஸ்டோட் சாதாரணமாக நீந்தும், அதாவது தண்ணீர் நிறைந்திருக்கும்போது கரைக்குக் கரை நாலு தடவை. நடு மண்டபத்துக்குப் போவதெல்லாம் அதற்குப் படித்துறை இறங்குகிற மாதிரி. இங்கே காபிட்டி என்ற சரணாலயத் தீவு கரையிலிருந்து 5 கிலோமீட்டர். எலியைக்கூட ஒழித்துப் பாதுகாத்த தீவு அது. 2010-ல் அங்கேயும் ஒரு ஸ்டோட்டைப் பார்த்துவிட்டார்கள். நீந்தி வந்ததா, படகில் ஒளிந்து வந்ததா என்று ஒரே சர்ச்சை. தேடத் தேட மூன்று பிடிபட்டன.

மாட்டுத்தாவணி மன்னன்
வியாழன், மாலை 4:44

இதெல்லாம் மதுரைக்கு எதுக்குய்யா? வைகையில் தண்ணி இல்லை, அதைப் பேசுங்க.

உசிலம்பட்டி கோழிக்காரன்
வியாழன், மாலை 5:10

மன்னா, தண்ணி வந்தா சொல்லு, பேசுவோம்.

பாண்டி தம்பி, ஒரு யோசனை. அங்கே வேண்டாம்னு கொல்றதுக்குப் பதிலா ரெண்டு ஜோடியை இங்கே அனுப்பினா என்ன? எங்கள் கரும்புக் காட்டில் பெருச்சாளி தாங்கவில்லை, வரப்பெல்லாம் ஓட்டை. தெரு நாய்க்குச் சோறு போடறது மாதிரி அதுக்கு ரெண்டு முட்டை வைச்சுட்டாப் போச்சு.

விலங்கியல் டீச்சர்
வியாழன், மாலை 5:32

ஐயோ, அப்படிச் சொல்லித்தான் எல்லாமே ஆரம்பித்தது!

கரும்புக் காடு, எலி என்று நீங்கள் சொன்னதால் சொல்கிறேன், இது நம் நாட்டுப் பிராணியின் கதை. 1872-ல் ஜமைக்காவில் ஒரு கரும்புத் தோட்ட முதலாளி கல்கத்தாவிலிருந்து 9 கீரிகளை வரவழைத்தார். நம் வேலியில் ஓடுகிற சாம்பல் கீரி இல்லை, அதைவிடச் சின்ன ரகம். முதலில் எலி குறைந்தது, உடனே பக்கத்துத் தீவுக்காரர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு போனார்கள், 1883-ல் ஹவாய்க்கும் போனது. எலி ராத்திரி உத்தியோகம், கீரி பகல் உத்தியோகம். இரண்டும் சந்திப்பதே குறைவு. கீரி தரையில் கூடு கட்டும் பறவையையும் பல்லியையும் தின்று பெருத்தது.

நூறு வருடம் கழித்து, இதெல்லாம் தெரிந்த பிறகும், 1979-ல் ஜப்பானில் அமாமி தீவில் ஹாபு என்ற விஷப்பாம்பை ஒழிக்க 30 கீரிகளை விட்டார்கள். கீரி பாம்பு சண்டைமேல் உலகத்துக்கே ஒரு மயக்கம். புதுமண்டபம் பக்கம் வித்தைக்காரர் கூடையை வைத்துக்கொண்டு இதோ விடப்போகிறேன், அதோ விடப்போகிறேன் என்று தாயத்து விற்பாரே, கடைசி வரை சண்டை நடக்காதே? அமாமியிலும் அதுதான் நடந்தது, ஏனென்றால் ஹாபு ராத்திரிப் பாம்பு. கீரி போய், அமாமியையும் பக்கத்துத் தீவு ஒன்றையும் தவிர உலகத்தில் வேறு எங்குமே இல்லாத அமாமிக் கறுப்பு முயலைத் தின்றது. முப்பது பத்தாயிரமாகப் பெருகியது. ஆயிரக்கணக்கான பொறி, மோப்ப நாய், தனிப்படை எல்லாம் வைத்துப் பிடித்து, 2024 செப்டம்பரில்தான் ஒழிந்தது என்று அறிவித்தார்கள்.

உசிலம்பட்டி கோழிக்காரன்
வியாழன், மாலை 6:01

எங்கேயாவது ஒரு இடத்தில் கூடவா பலிக்கலை?

விலங்கியல் டீச்சர்
வியாழன், இரவு 8:47

பொய் சொல்லக் கூடாது, பலித்த இடமும் உண்டு. ஹாலந்தில் டெர்ஷெல்லிங் என்ற தீவில் நீர் எலித் தொல்லைக்காக 1931-ல் நூறு வீசலுக்கு மேல் விட்டார்கள், கூடவே 9 ஸ்டோட்டும். நூறு வீசலும் சில வருடத்தில் அடையாளமே இல்லாமல் போய்விட்டன. அந்த ஒன்பது பெருகி நீர் எலியைத் தீர்த்துவிட்டது. நூறு பேர் செய்யாததை ஒன்பது பேர் செய்தார்கள்.

எப்படி என்று கேட்பீர்கள். வகுப்பில் சொல்லத் தயங்குகிற விஷயம், இங்கே பெரியவர்கள்தானே. ஸ்டோட் குட்டிகள் பிறந்து இரண்டு மூன்று வாரம், இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. அப்போதே வளைக்கு வருகிற ஆண், தாயோடு சேர்த்துப் பெண் குட்டிகளையும் சினைப்படுத்திவிட்டுப் போய்விடும். கரு உடனே வளராது. ஒன்பது பத்து மாதம் கருப்பையில் விதை மாதிரி மிதந்துகொண்டு கிடக்கும், அடுத்த வசந்தம் வந்ததும் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் நாலே வாரத்தில் பிரசவம். ஒரே ஈற்றில் பன்னிரண்டு வரைகூடப் போடும். இதன் அர்த்தம் என்ன? வளையை விட்டுத் தனியாகக் கிளம்புகிற ஏறக்குறைய எல்லாப் பெண்ணுமே ஏற்கெனவே கர்ப்பிணி. ஜோடி தேவையில்லை. ஒற்றைப் பெண் ஒரு தீவுக்கு நீந்திப் போய்ச் சேர்ந்தால் போதும். பாண்டி சொன்ன காபிட்டித் தீவில் ஒரே ஒரு பிராணியைப் பார்த்ததற்கு அவ்வளவு அலறியது அதனால்தான்.

சமணமலை
வெள்ளி, காலை 6:50

படித்தேன், ராத்திரி தூக்கம் வரவில்லை. அறிவு எல்லாம் சரி. ஆனால் கப்பலில் ஏற்றியவன் மனிதன், தண்டனை மட்டும் அதற்கு. எங்கள் கீழக்குயில்குடி மலையில் ஆயிரம் வருடத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் நடக்கும் வழியில் எறும்பு சாகக் கூடாது என்று மயிற்பீலியால் பெருக்கிக்கொண்டு நடந்தார்கள். நான் அவ்வளவு பெரிய ஆள் இல்லை, கொசு அடிப்பேன். ஆனாலும் ஒரு நாட்டிலிருந்தே ஒரு பிராணியைத் துடைத்தெடுப்போம் என்று திட்டம் போடுவது எனக்கு ஒப்பவில்லை. பிடித்துக் குடும்பக்கட்டுப்பாடு செய்து விடட்டுமே?

வெலிங்டன் பாண்டி
வெள்ளி, காலை 9:15

ஐயா, விட்டால் அது அன்றைக்கும் சாப்பிடும். தினமும் தன் எடையில் கால் பங்கு இறைச்சி வேண்டும் அதற்கு. உடம்பு கயிறு மாதிரி இருப்பதால் சூடு நிற்காது, தின்றுகொண்டே இருந்தால்தான் உயிர். குட்டி போடாத ஸ்டோட்டும் கிவிக் குஞ்சைத் தின்னத்தான் செய்யும்.

ஒன்று சொல்கிறேன். முதல் தடவை பெட்டியைத் திறந்தபோது, உள்ளே இருந்தது பெண். மீசை முடியில் பனித்துளி ஒட்டியிருந்தது, முன்னங்கால் ரெண்டையும் முட்டைமேல் வைத்தபடி. தலைவர் கையுறையோடு எடுத்து எடை போட்டு நோட்டில் குறித்துக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இன்றைக்கு இறங்குகிறது, அதையும் மறைக்க விரும்பவில்லை.

ஆனால் தகாஹே என்று ஒரு நீலப் பறவை, நம் நீலத் தாழைக்கோழியைப் பெருக்கி வைத்தது போல. அழிந்தேபோனது என்று எழுதி மூடிவிட்டார்கள், 1948-ல் மர்ச்சிசன் மலையில் மறுபடி கண்டுபிடித்தார்கள். இங்கே பீச் மரம் என்று ஒரு காட்டு மரம் உண்டு, பழம் தருகிற பீச் இல்லை, சில வருடத்துக்கு ஒரு தடவை விதை கொட்டோ கொட்டென்று கொட்டும், அதைத் தின்று சுண்டெலி பெருகும், சுண்டெலியைத் தின்று ஸ்டோட் பெருகும். விதை தீர்ந்து சுண்டெலி செத்ததும் அத்தனை ஸ்டோட்டும் பறவை பக்கம் திரும்பும். 2007-ல் அப்படித் திரும்பியபோது அந்த மலையில் இருந்த தகாஹேயில் பாதிக்கு மேல் போய்விட்டது. ஐயா, ரெண்டில் ஒன்றைக் கொல்லாமல் இருக்க வழி சொல்லுங்கள், நானே பெட்டியை எரித்துவிடுகிறேன்.

சமணமலை
வெள்ளி, காலை 9:58

வழி தெரியவில்லை தம்பி. தெரியாததால் சரி என்றும் சொல்ல மாட்டேன்.

விலங்கியல் டீச்சர்
வெள்ளி, மாலை 6:30

இதே பிராணிக்கு இன்னும் இரண்டு தீவுக் கதை சொல்கிறேன். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகள். 2010-ல் அங்கே ஸ்டோட் தட்டுப்பட்டது. பிரிட்டனில் வேறெங்கும் இல்லாத ஒரு வயலெலி அங்கே இருக்கிறது, 5000 வருடத்துக்கு முன்னால் விவசாயிகளோடு படகில் வந்த எலி. சிரிப்பு என்னவென்றால் அந்த எலியும் வந்தேறிதான், ஆனால் அதை நம்பித்தான் அங்கத்திய பருந்துகளும் ஆந்தைகளும் பிழைக்கின்றன, ஆகவே எலியைக் காப்பாற்ற 2019-லிருந்து ஸ்டோட்டைப் பொறி வைத்துப் பிடிக்கிறார்கள். ஐயாயிரம் வருடம் இருந்தால் பட்டா கிடைத்துவிடும் போலிருக்கிறது.

மறுபக்கம் கனடாவின் மேற்குக் கரையில் ஹைடா குவாய் என்ற தீவுக்கூட்டம். அங்கே இருப்பதையும் ஸ்டோட் என்றே நினைத்திருந்தார்கள். 2021-ல் மரபணுவைப் பார்த்து இது தனி இனம் என்று சொல்லிவிட்டார்கள். அபூர்வமான பிராணி, அங்கே அதை எப்படிக் காப்பாற்றலாம் என்று தவிக்கிறார்கள். அயர்லாந்திலும் 1976 சட்டப்படி ஸ்டோட்டுக்குப் பாதுகாப்பு உண்டு. சார் பார்த்த அந்தக் குட்டிக்கரணக்காரனைத் தொட்டால் கேஸ்.

தெப்பக்குளத்தான்
வெள்ளி, இரவு 9:20

அப்போ பிராணியில் ஒன்றும் இல்லை, அது கரை ஏறுகிற தீவில் ஏற்கெனவே யார் குடியிருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது விஷயம். நம் சீமைக்கருவேலம் நினைவுக்கு வருகிறது. விறகுக்கு ஆகும் என்றுதானே விதைத்தார்கள். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வெட்டச் சொல்லி உத்தரவு போட்டபோது எங்கள் பக்கம் பொக்லைன் ராத்திரி பகலாக ஓடியது. இன்றைக்குப் போய்ப் பாருங்கள், அதே இடத்தில் ஆள் உயரம்.

உசிலம்பட்டி கோழிக்காரன்
வெள்ளி, இரவு 9:41

அண்ணே, அதை மட்டும் சொல்லாதீங்க. கோடையில் என் ஆடு அந்தக் காயைத் தின்னுதான் உயிரோட இருக்கு. எங்கள் சின்னம்மா வீடே கரிமூட்டம் போட்டுத்தான் ரெண்டு பிள்ளையைப் படிக்க வைச்சது. ஆப்பிரிக்கக் கெளுத்தியைச் சொல்லுங்க, ஒத்துக்கறேன். எங்கள் கண்மாயில் அயிரையைப் பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு.

வெலிங்டன் பாண்டி
சனி, காலை 5:30

அயிரைக் குழம்பை ஞாபகப்படுத்தாதீர்கள் அண்ணே, இங்கே கிடைக்காது.

உங்கள் கோழி விஷயம் பாதியில் நிற்கிறது. ஒன்பதைக் கொன்று தின்னாமல் விட்டது கொழுப்பு இல்லை. ஸ்டோட்டும் அப்படித்தான் செய்யும், எதிரே இரை படபடத்துக்கொண்டே இருந்தால் கடிப்பதை நிறுத்தத் தெரியாது, காட்டில் என்றால் ஒளித்துவைத்துப் பிறகு வந்து தின்னும். பஞ்சாரத்துக்குள் குஞ்சு ஓடவும் முடியாது, படபடப்பும் நிற்காது. சரி, ஆள் யார் என்று கண்டுபிடிக்க நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். ஒரு கறுப்புக் குழாய் மாதிரிப் பெட்டி, நடுவில் மை, ரெண்டு பக்கமும் காகிதம். உள்ளே போகிறவர் காலில் மையோடு வெளியே வருவார், காகிதத்தில் கையெழுத்து. உங்களுக்கு அதெல்லாம் வேண்டாம், பஞ்சாரத்தைச் சுற்றி அடுப்புச் சாம்பலைச் சலித்துத் தூவுங்கள்.

விலங்கியல் டீச்சர்
சனி, காலை 7:10

நல்ல யோசனை. கீரியாக இருந்தால் ஐந்து விரல், நகக் கோடு நீளமாக விழும். மரநாய்க்கும் ஐந்து விரல், பாதம் கொஞ்சம் சதைப்பற்றாகப் பதியும். நாலு விரல், வட்டமாக, நகமே இல்லாமல் இருந்தால் பூனை ஜாதி. இரைக்குக் குஞ்சை உள்ளே வைக்காதீர்கள், வெட்டிய கோழித் தலை மட்டும் போதும்.

உசிலம்பட்டி கோழிக்காரன்
செவ்வாய், காலை 6:05

சாம்பல் போட்டு மூணு ராத்திரி ஆச்சு. முதல் ராத்திரி தேரை மட்டும். ரெண்டாவது ராத்திரி மழை, எல்லாம் சேறு. நேற்று ராத்திரி கோழித் தலை காணோம். சாம்பலில் வரிசையாகத் தடம், நூல் பிடிச்ச மாதிரி ஒண்ணுக்கு முன்னால் ஒண்ணு. தீப்பெட்டியை வைச்சு அளந்தேன், தடம் தீப்பெட்டி அகலத்தைவிடக் கொஞ்சம் பெருசு. நாலு விரல். நகம் இல்லை.

போட்டோ போட்டிருக்கேன், பாருங்க டீச்சர்.

விலங்கியல் டீச்சர்
செவ்வாய், காலை 6:40

பூனைதான். காட்டுப்பூனையாக இருந்தால் இதைவிடப் பெரிதாக இருக்கும். இது வீட்டுப் பூனை அளவு. தடம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?

உசிலம்பட்டி கோழிக்காரன்
செவ்வாய், காலை 7:02

அதுதான் டீச்சர் பிரச்சினை. சாம்பலைத் தாண்டி ஈர மண்ணிலும் தடம் இருந்தது, பின்னாலேயே போனேன். நேரா என் மச்சினன் வீட்டுத் திண்ணைக்குப் போய் நிற்குது. அவன் பூனைக்குக் காலையில் பால் ஊத்திக்கிட்டு இருக்கான், அது குடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கிட்டு உட்கார்ந்திருக்கு.

போன மாசம் கீரி வளைன்னு நினைச்சு வேலியோரப் பொந்து மூணில் கல்லை வைச்சு அடைச்சிருந்தேன். இப்போ போய் எடுத்துவிட்டு வரேன்.